வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்

"உன் இஷ்டம்," என்றார் கணவர்.

பல் துலக்கும் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்கக்கூட இல்லை. நுரைக்கு நடுவிலிருந்துதான் அந்த வார்த்தை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வருகிற பதில் அது ஒன்றுதான். இன்று நுரையோடு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"என் இஷ்டம் என்னன்னு எனக்குத் தெரிஞ்சா நான் ஏங்க உங்க வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கறேன்?"

அவர் கொப்பளித்தார். ஒரு கேள்வியிலிருந்து தப்பிக்க நினைக்கும் மனிதர் எவ்வளவு நேரம் கொப்பளிக்க முடியுமோ அவ்வளவு நேரம் கொப்பளித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அந்தத் துண்டுக்குள்ளிருந்தே, "நீ சந்தோஷமா இருந்தா சரி," என்றார்.

அவளுக்குத் துண்டோடு சேர்த்து அவரைப் பிழிந்து கொடியில் போட வேண்டும் போல் இருந்தது.

விஷயம் இதுதான். அவள் வேலை பார்க்கும் டைல்ஸ் ஷோரூமின் முதலாளியம்மா, துறைமுக ஊரில் இன்னொரு ஷோரூம் திறக்கிறார். அதை முழுசாக நடத்தும் பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவளைக் கேட்டார். எந்தச் சரக்கை வாங்குவது, யாரை வேலைக்கு வைப்பது, எந்தச் சுவரில் எதை மாட்டுவது எல்லாமே அவள் முடிவு. ஆனால் அந்த ஊர் இங்கிருந்து ஐந்து மணி நேரப் பயணம். தினமும் போய்வருகிற கதை இல்லை. குடியே போக வேண்டும்.

அன்றைக்கு அவள் சொன்னது, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்மா."

கேட்டாள். ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இன்று கடை மூடுவதற்குள் பதில் வேண்டும் என்று முதலாளியம்மா நேற்றே சொல்லிவிட்டார். "இல்லைன்னா குடோன் சூப்பர்வைசரை அனுப்பிடுவேன். அந்த ஆளுக்கு வெள்ளைக்கும் க்ரீமுக்கும் வித்தியாசம் தெரியாது. பரவாயில்லை, சரின்னு சொல்லவாவது தெரியும்."

அந்தக் கடைசி வரி இரவெல்லாம் அவள் காதில் கொசு மாதிரி சுற்றியது.

கூடத்தில் சோபாமேல் ஏறி நின்று, மகள் கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். அம்மாவைவிட ஒரு சாண் வளர்ந்து, பள்ளி வாலிபால் டீமுக்குக் கேப்டனும் ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

"இறங்குடி. சோபா என்னத்துக்கு ஆகும்?"

"ஆகட்டுமே. யாருக்குப் பிடிச்சிருக்கு இதை?"

அது உண்மை. அந்தச் சோபா ஒரு தனிக் கதை. காப்பிப்பொடி நிறத்தில், உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற தோல் சோபா. அதை வாங்கியது எப்படியென்றால், கணவருக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் நினைத்தாள். அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று அவர் நினைத்தார். அப்பா அம்மா இரண்டு பேருக்குமே பிடித்திருக்கிறது என்று வாண்டு நினைத்து, "சூப்பரா இருக்கு" என்று குதித்தாள். வீட்டுக்கு வந்து பல மாதம் கழித்து, மின்சாரம் போன ஒரு மதியத்தில், மூன்று பேரும் தரையில் சோபாவுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வாண்டு, நிஜமா சொல்லு. துறைமுக ஊருக்குப் போகலாமா, வேண்டாமா?"

வாண்டு சீப்பை வாயில் கவ்விக்கொண்டு முடியை முறுக்கினாள். ஒரு கணம் கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு எதுவா இருந்தாலும் ஓகேம்மா."

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது.

அதே நேரம் பார்த்துப் போன் அடித்தது. நாத்தனார். கணவரின் அக்கா. ஊரிலுள்ள எல்லாருக்கும் யோசனை சொல்வதற்கென்றே விடியற்காலையில் எழுகிறவர்.

"என்னம்மா, முடிவு பண்ணிட்டியா?"

"இன்னும் இல்லை அண்ணி. நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் போன்னும் சொல்ல மாட்டேன், போகாதேன்னும் சொல்ல மாட்டேன். நல்ல வாய்ப்பு, விட்டா வராது. ஆனா பொண்ணு படிப்பு இருக்கு. படிப்பு எங்க போனாலும் படிக்கலாம். ஆனா புது ஊரு. புது ஊருன்னா என்ன, மனுஷங்கதானே இருக்காங்க. ஆனா என் தம்பி பாவம்…"

"அண்ணி, அடுப்புல பால் வச்சிருக்கேன்."

அடுப்பில் எதுவும் இல்லை. நாத்தனாரின் 'ஆனா'க்களிலிருந்து ஆள் மீண்டு வர வேறு வழியும் இல்லை.

*

ஷோரூமில் அவளுக்கு டைல்ஸக்கா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்தபோது சாம்பிள்களைத் துடைத்து அடுக்குவதுதான் அவள் வேலை. இன்று, சண்டை போட்டுக்கொண்டு உள்ளே வரும் தம்பதிகளை எல்லாரும் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள்.

காலையில் முதல் ஆளாக ஒரு நர்ஸ் வந்தாள். இரவு டியூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறாள் போல. கண்ணுக்குக் கீழே கறுப்பு, காலில் வெள்ளை ஷூ. குளியலறைச் சுவருக்கு டைல் வேண்டும். பழுப்பு, சாம்பல், கரும்பச்சை என்று மூன்று சாம்பிள்கள் மேஜையில் இருந்தன. நர்ஸ் மூன்றையும் போட்டோ எடுத்து நாலு திசைக்கும் அனுப்பினாள். பதில்கள் டிங் டிங்கென்று வந்து விழுந்தன.

"அவர் பழுப்புங்கறார். என் தங்கச்சி சாம்பல்ங்கறா. கூட வேலை பார்க்கறவ, பச்சை போட்டா குளத்துல குளிக்கற மாதிரி இருக்கும்ங்கறா."

பேசும்போது அவள் விரல் பச்சை டைலின்மேல் இருந்தது. அதிலுள்ள மெல்லிய அலையை மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டிருந்தது. வாய் ஊரைக் கேட்கும், கை உண்மையைச் சொல்லிவிடும். இத்தனை வருடத்தில் டைல்ஸக்கா கண்டுபிடித்தது இது. இந்த மாதிரி ஆட்களுக்கென்றே அவள் ஒரு கேள்வி வைத்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டுக்கு ஒருத்தருமே வரப் போறதில்லைன்னு வச்சுக்குங்க. நல்லாருக்குன்னு சொல்லவும் ஆள் இல்லை, நல்லால்லைன்னு சொல்லவும் ஆள் இல்லை. வேலை முடிஞ்சு வர்றீங்க, கதவைச் சாத்தறீங்க, தண்ணியைத் திறந்து விடறீங்க. எந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டு நிப்பீங்க?"

"பச்சை."

யோசிக்கவே இல்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. நர்ஸின் முகத்தில் ஒரு நொடி தூக்கமெல்லாம் கலைந்து, சின்னப் பெண் போல் ஆகிவிட்டாள்.

"அப்ப பில் போட்டுடலாமா?"

முகம் மறுபடி வாடியது. "இல்லக்கா… வீட்ல கேட்டுட்டுச் சொல்றேனே."

"யாரைக் கேக்கப் போறீங்க? பழுப்புன்னு சொன்னவரையா?"

கேட்ட பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டதை உணர்ந்தாள். நர்ஸ் பையை மாட்டிக்கொண்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல் வெளியே போனாள். பக்கத்து மேஜை சேல்ஸ் பெண் வாயைப் பிளந்து பார்த்தாள். டைல்ஸக்கா வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்து அவள் பார்த்ததே இல்லை.

எரிந்து விழுந்தது நர்ஸ்மேல் இல்லை. அது டைல்ஸக்காவுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அதைத் தானே சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குப் பச்சை சரியில்லை என்றாகிவிட்டால் கையை நீட்டிக் காட்ட வேறொருவர் வேண்டும். அதற்குத்தான் வீட்டில் கேட்பது.

நான் மட்டும் எதற்காகவாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்?

அந்தக் கேள்வியை அவள் சாம்பிள்களோடு சேர்த்து அவசர அவசரமாக எடுத்து அடுக்கினாள்.

"இங்க வாங்க கொஞ்சம்," என்று கண்ணாடி அறையிலிருந்து முதலாளியம்மா கூப்பிட்டார். முகம் என்னவோ போல் இருந்தது. "நேரா சொல்லியிருந்தா நான் ஒண்ணும் கடிச்சுத் தின்னிருக்க மாட்டேனே?"

"என்னம்மா சொல்றீங்க?"

"உங்க வீட்டுக்காரர் காலைல போன் பண்ணார். உங்களுக்கு இதுல விருப்பம் இல்லையாம். என் முகத்துக்கு நேரா சொல்லக் கூச்சப்படறீங்களாம். தப்பா நினைக்க வேண்டாம்னு ரொம்ப மரியாதையா சொன்னார்."

காலையில் 'உன் இஷ்டம்' என்று சொன்ன அதே வாய்!

"அம்மா, நான் அவர்கிட்ட அப்படிச் சொல்லவே இல்லை."

"அப்ப போறீங்களா?"

வாயைத் திறந்தாள். மேஜை ஓரத்தில் இருந்த பில் புத்தகத்தை எடுத்து நேராக வைத்தாள்.

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சாயங்காலம் வரைக்கும் நேரம் கொடுத்தேன். சாயங்காலம் வரைக்கும் இருக்கு. ஆனா வர்ற பதில் உங்க வாயிலேருந்து வரட்டும். உங்க குடும்பத்துல இன்னும் எத்தனை பேர் போன் பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

அறையை விட்டு வெளியே வந்து மூச்சு விடுவதற்குள் அவள் போன் அடித்தது. வாண்டுவின் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர்.

"வாழ்த்துகள்! ஊர் மாறிப் போறீங்களாமே?"

"யார் சொன்னா?"

"உங்க பொண்ணுதான். போட்டி நேரத்துல பாதில விட்டுட்டுப் போனா டீமுக்குக் கஷ்டம், இப்பவே வேற ஆளைப் போட்டுடுங்கன்னு காலைல வந்து சொன்னா. நல்ல பொறுப்பான பொண்ணு. அழுதுகிட்டே சொன்னா. புதுக் கேப்டனைப் போட்டாச்சு. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கணவர், அவளுக்குப் போக விருப்பமில்லை என்று நினைத்து வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மகள், அம்மாவுக்குப் போக ஆசை என்று நினைத்துக் கேப்டன் பதவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு பேரும் அவளுக்கு நல்லது செய்திருக்கிறார்கள். இந்த வீட்டில் ஒருவரையொருவர் இப்படி நேசித்தே சாகடித்துவிடுவார்கள் போலிருக்கிறது!

சாப்பாட்டு இடைவேளைக்குக் காத்திருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அன்றைக்கு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, ஓர் அலுவலகக் கட்டடத்தில் இருந்தார். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. குறுக்கே மஞ்சள் பட்டை. உள்ளே லிஃப்ட் இல்லை, இருட்டுதான் இருந்தது. மேலேயிருந்து ஸ்பானர் தட்டும் சத்தம் கேட்டது.

"என்னங்க!" என்று அந்த இருட்டுக்குள் கத்தினாள்.

சத்தம் நின்றது. இரண்டாவது மாடி உயரத்திலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் கீழே எட்டிப் பார்த்தது.

"நீ எங்க இங்க? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எனக்குத்தான் சரியில்லை! யாரைக் கேட்டு முதலாளியம்மாவுக்குப் போன் பண்ணீங்க?"

டார்ச் வெளிச்சம் சுவர்ப் பக்கம் திரும்பியது. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் குரல் வந்தது. "நீ கஷ்டப்படறியேன்னுதான்."

"நான் போக மாட்டேன்னு உங்ககிட்ட எப்ப சொன்னேன்?"

"சொல்லலைதான். ஆனா போகணும்னு நினைக்கற ஆள் இப்படி ஒரு வாரமா கேட்டுக்கிட்டே இருக்குமா? வேண்டாம்னு நினைக்கற. அதை நான் சொல்லட்டும்னு காத்திருக்க. அதான் சொல்லிட்டேன்."

"அந்த மண்ணாங்கட்டியை என்கிட்ட சொல்லியிருக்கலாமே! உன் இஷ்டம், உன் இஷ்டம்னு அதையே பிடிச்சுத் தொங்கறீங்க. ஒருநாளாவது எனக்கு இது வேணும், இது வேண்டாம்னு வாயைத் திறந்திருக்கீங்களா?"

பக்கத்து மேஜையில் இருந்த வரவேற்பாளர் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் இவர்கள் பக்கம் இருந்தது.

"நான் ஒண்ணு சொன்னா நீ அதுக்கு ஒத்துப்போயிடுவ," என்றது குரல். "அப்புறம் மூணு மாசம் பாத்திரத்தை டமால் டமால்னு வைப்ப. எதுக்கு வம்பு?"

அவளுக்குச் சுருக்கென்றது. மறுக்கலாம் என்று பார்த்தாள். மறுக்க ஒன்றும் அகப்படவில்லை.

"சரி," என்றார் அவர். டார்ச் வெளிச்சம் அவள் முகத்துக்கு வந்து, கூசுமே என்று சற்று விலகி நின்றது. "இப்ப நேராவே கேக்கறேன். உனக்கு அந்த வேலைக்குப் போகணுமா, வேண்டாமா? ஒரே வார்த்தை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

சொல்லி முடித்ததும் அந்த வார்த்தைகள் லிஃப்ட் சுவர்களில் மோதி அவளிடமே திரும்பி வந்தன. வரவேற்பாளர் சட்டென்று குனிந்து எதையோ தேடினார். மேலே ஸ்பானர் ஒரு தடவை தட்டியது. இனிச் சொல்ல என்ன இருக்கிறது என்பது போல.

"வேலையை முடிங்க," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அது யார்மேல் என்பதுதான் இப்போது குழப்பமாக இருந்தது.

கணவர் போன் பண்ணிவிட்டார் என்று கேட்டபோது, முதல் நொடியில், ஒரே ஒரு நொடியில், மனசுக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்று உட்கார்ந்ததே, அது என்ன?

அதை அவள் பார்க்காமலிருக்க முயன்றாள். முடியவில்லை. அவர் தடுக்க வேண்டும் என்றுதான் ஒரு வாரமாகக் காத்திருந்திருக்கிறாள். தடுத்திருந்தால் எவ்வளவு சௌகரியம்! போக முடியாமல் போனதே என்று வாழ்நாள் முழுக்க அவர்மேல் ஒரு குறை வைத்துக்கொள்ளலாம். அலுப்பான நாட்களில் அந்தக் குறைமேல் தலையணை மாதிரி சாய்ந்துகொள்ளலாம். புது ஷோரூம் ஓடாமல் போகுமோ என்ற பயமும் வேண்டாம். தோற்கவும் வேண்டாம், தோற்றதற்குப் பதில் சொல்லவும் வேண்டாம். அவர் தடுக்கவில்லை என்பதுதான் அவளுடைய கோபமே.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரமும் இரண்டு பேருடைய நிம்மதியும் செலவாகியிருக்கிறது.

சரி. அந்த நர்ஸைக் கேட்ட கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொண்டால் என்ன? யாரும் பாராட்டப் போவதில்லை. யாரும் குறை சொல்லப் போவதில்லை. நாத்தனார் என்று ஒருவர் உலகத்திலேயே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு…

கேள்வியை முடிக்கவே இல்லை. அந்த ஷோரூம் அவள் கண்முன் வந்து நின்றது. வாசலில் தரை டைல் சாம்பிள்களைப் பரப்பக் கூடாது, எல்லாரும் மிதித்து அழுக்காக்கிவிடுவார்கள். கடல் வெளிச்சம் கூசும். வெள்ளைச் சரக்கையெல்லாம் உள்சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். சண்டை போடும் தம்பதிகளுக்கு ஓரமாக ஒரு சின்ன மேஜை, இரண்டு நாற்காலி. இதெல்லாம் அவள் எப்போது யோசித்தாள்? இரவு தூக்கம் வரவில்லை என்று புரண்டாளே, அப்போது யோசித்ததா? போகலாமா வேண்டாமா என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், உள்ளே நாற்காலி வாங்குகிற அளவுக்குப் போய்விட்டிருக்கிறாள்.

பயம் போய்விடவில்லை. இருக்கட்டும் என்று நினைத்தாள். அதையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

ஷோரூம் நிறுத்தத்தில் இறங்கி நேராகக் கண்ணாடி அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"போறேன்மா."

முதலாளியம்மா நிமிர்ந்தார். "வீட்ல கேட்டாச்சா?"

"போதும் போதும்ங்கற அளவுக்குக் கேட்டாச்சு. இது நான் சொல்றது."

"சரி."

"ரெண்டு விஷயம் இருக்கு. என் பொண்ணோட போட்டிகள் முடியற வரைக்கும் சனி, ஞாயிறு நான் இங்க வந்துடுவேன். அப்புறம், பக்கத்து மேஜைப் பொண்ணை என்கூட அனுப்பணும்."

"பொண்ணை எடுத்துக்குங்க. ரெண்டு நாள் லீவெல்லாம் கிடையாது. ஞாயித்துக்கிழமை மட்டும்."

அவள் ஒரு கணம் யோசித்தாள். யாரையும் கேட்கவில்லை. "ஞாயிறும், ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமையும்."

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இந்த வாயை இத்தனை நாள் எங்கம்மா வச்சிருந்தீங்க? போங்க, போங்க. சரி."

*

வீட்டுக்குப் போனபோது வாண்டு விளையாட்டு உடை மாற்றாமல் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. கணவர் கையில் கிரீஸ் கறையோடு, யாருக்கும் தேவையில்லாத ஒரு குழாயை இறுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் பையைக்கூட இறக்கவில்லை.

"ரெண்டு பேரும் கேளுங்க. நான் கருத்துக் கேக்கலை, சொல்றேன். அந்த வேலைக்குச் சரின்னு சொல்லிட்டேன். எனக்குப் போகணும். ரொம்ப நாளா ஆசை. சொல்லாம இருந்தது என் தப்பு."

வாண்டு மேடையிலிருந்து குதித்தாள். அம்மாவைக் கட்டிக்கொள்வாள் என்று அவள் எதிர்பார்த்தாள். வாண்டு கட்டிக்கொள்ளவில்லை.

"இதை நேத்தே சொல்லக் கூடாதா? நானா நினைச்சுக்கிட்டுப் போய்க் கேப்டன்ஷிப்பை விட்டுட்டு வந்தேன். உனக்காகத்தான் விட்டேன்!"

"நான் கேட்டேனாடி?"

"நீ எங்கம்மா கேப்ப? உனக்கு என்ன வேணும்னு உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். பரீட்சைக்குப் படிக்கற மாதிரி தினமும் உன் மூஞ்சியைப் படிக்க வேண்டியிருக்கு!"

கன்னத்தில் அறை விழுந்தது போல் இருந்தது. இத்தனை நாளும் இந்த வீட்டில் பிடிகொடுக்காத ஆள் கணவர் ஒருவர்தான் என்று நினைத்திருந்தாள்.

"டீச்சர்கிட்ட நான் பேசறேன்," என்றாள் மெதுவாக.

"நான் பேசிட்டேன். புதுக் கேப்டனை மாத்த முடியாதாம். டீம்ல இடம் இருக்காம்." வாண்டு மூக்கை உறிஞ்சினாள். "ஆனா ஒண்ணு. நான் இந்த வருஷம் இங்கதான் படிப்பேன். இங்கதான் விளையாடுவேன். இது 'எதுவா இருந்தாலும் ஓகே' இல்லை. இதுதான் வேணும்."

"சரி."

"சரியா? நிஜமாவா?"

"நிஜமா. ஞாயித்துக்கிழமை எல்லாம் வருவேன். உன் போட்டி இருந்தா சனிக்கிழமையும் எப்படியாவது வருவேன். வருஷம் முடிஞ்சதும் நீயும் அப்பாவும் அங்க வந்துடலாம். அதுவரைக்கும் அப்பா இங்க உன்கூட இருப்பார்."

சொல்லிக்கொண்டே கணவரைப் பார்த்தாள். எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்தது. இன்றைக்குக் காலையில் இருந்த குழப்பத்துக்கு, சாயங்காலம் இப்படி முடிந்ததே பெரிய விஷயம். அவர் இப்போது தலையை ஆட்டுவார், சாப்பிடலாமா என்று கேட்பார்.

அவர் குழாயை விட்டுவிட்டுத் துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, பொறுமையாக.

"வாண்டு, நீ போய்க் குளி," என்றார்.

வாண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். குளியலறைக் கதவு சாத்தப்பட்டுத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை அவர் காத்திருந்தார்.

"இந்த வருஷம் முழுக்க இவளை நான் பார்த்துக்கறேன். பள்ளிக்கூடம், போட்டி, சாப்பாடு எல்லாம் நான் பார்த்துக்கறேன். நீ நிம்மதியா போ," என்றார். "ஆனா வருஷம் முடிஞ்சதும் நான் அங்க வரமாட்டேன்."

"என்ன?"

"நான் வரலை."

"கோபமா? மத்தியானம் கத்தினதுக்கா?"

"கோபம் இல்லை. கோபத்துல சொன்னா நாளைக்கு மாத்திக்கலாம். இது ரொம்ப நாளா யோசிச்சது."

அவர் குரல் உயரவில்லை, இறங்கவும் இல்லை. அவள் அவர் முகத்தில் அந்தப் பழைய மழுப்பலைத் தேடினாள். ஓரத்தில் எங்காவது கொஞ்சம் ஒட்டியிருக்காதா என்று தேடினாள். எத்தனையோ வருடமாகப் பார்த்துப் பழகிய முகம்தான். அதில் இப்படி ஒரு தெளிவு இருக்க முடியும் என்று அவளுக்குத் தெரியாது.

"அந்த ஊருக்கா வரலை?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இல்லை… என்கூடவே வரலையா?"

அவர் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

"உக்காரு. சொல்றேன்."

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கேட்க வேண்டியிருக்கும்.